கொடையல்ல, கொடுபடாத கூலி

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒன்றிய அரசு, அவற்றின் நன்மைகளாகப் பறைசாற்றுபவற்றுள் இரண்டு, வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியின் கணக்கைப் பற்றியவை. ஓராண்டு பணிபுரிந்தாலே பணிக்கொடை உண்டு என்பது ஒன்று. விலகியவருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் நிலுவை ஊதியம் கிடைத்துவிடும் என்பது மற்றொன்று. முதலாளித்துவ ஏடுகள் இவ்விரண்டையும் தலைப்புச் செய்திகளாக்கின. இத்தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் நின்ற தொழிலாளர்களிலும் சிலர், ‘இந்த அளவிலேனும் நல்லதுதானே?’ என்று கேட்கின்றனர். கேள்வி நேர்மையானது. முழக்கத்தால் அதற்கு விடை கூற முடியாது. கணக்கால்தான் கூற வேண்டும்.

நாம் கூற வேண்டிய விடை இது: வேலையை விட்டு நீங்கும் நாளில் தொழிலாளியின் கைக்கு வரவேண்டிய தொகை, அவர் ஏற்கெனவே உழைத்து ஈட்டி, முதலாளியிடம் விட்டுவைத்திருக்கும் கூலி. அது எவ்வளவு, எப்போது, யார் கணக்கிடுவது என்பதெல்லாம் கூலிக்கான போராட்டத்தின் கடைசி அத்தியாயம். அந்த அத்தியாயத்தை எழுதும் பேனாவை நிர்வாகத்தின் கணக்குப் பிரிவிடம் நாம் நெடுங்காலமாக விட்டுவைத்திருக்கிறோம். சட்டத் தொகுப்புகள் அப்பேனாவை இன்னும் உறுதியாக அதே கையில் பொருத்துகின்றன.

சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வர்க்கம்

மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லே முதற்சான்று. எனவே சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘கிராஜுட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் தயவு, உவப்பு என்னும் பொருளுடையது. இந்தியில் அச்சட்டத்தின் பெயரிலுள்ள சொல் ‘உபதான்’. அதிலும் தானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் நாம் ‘பணிக்கொடை’ என்கிறோம். கொடை என்றதும் தமிழ் படித்தவர் நினைவுக்கு வருவோர் பாரியும் பேகனும். கொடை கொடுப்பவன் உள்ளத்தைச் சார்ந்தது. அவன் மறுத்தால் இரவலன் வேறு வாயிலை நாடலாமேயன்றி வழக்குத் தொடுக்க முடியாது. ஆலைத் தொழிலாளி பரிசில் பெறச் சென்ற பாணன் அல்லன். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை இன்று மாற்றுவது அரிது. ஆயினும் அச்சொல் நம் சிந்தனையை மயக்க இடமளிக்கலாகாது.

உச்ச நீதிமன்றமே 1961-இல் கார்மெண்ட் கிளீனிங் வொர்க்ஸ் வழக்கில், இத்தொகை முதலாளியின் பெருந்தன்மையால் அளிக்கப்படுவதன்று, ஆற்றிய பணிக்காக அளிக்கப்படுவது என்று தெளிவுபடுத்தியது. தனித்தனி ஆலைகளில் போராடிப் பெற்ற இவ்வுரிமை சட்ட வடிவம் பெற்றது முதலில் கேரளத்தில் 1970-இலும், மேற்கு வங்கத்தில் 1971-இலும். தொழிலாளர் இயக்கம் வலுவாயிருந்த மாநிலங்கள் அவை. நாடு முழுமைக்குமான சட்டம் 1972-இல்தான் வந்தது. தில்லி கொடுத்துத் தொழிலாளி பெற்றதாகக் கூறப்படும் வரலாறு இங்கேயே பொய்த்துவிடுகிறது.

‘மூலதனம்’ முதல் பாகத்தில், உழைப்புச் சக்தி வாங்கி விற்கப்படுவதை ஆராயுமிடத்தில் மார்க்ஸ் ஓர் உண்மையைச் சுட்டுகிறார். தொழிலாளி முதலில் உழைப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னரே கூலி பெறுகிறார். ஆகவே எங்கும் தொழிலாளியே முதலாளிக்குக் கடன் கொடுக்கிறார். இது வெறுங்கற்பனையன்று என்பதற்கு, முதலாளி திவாலாகும்போது தொழிலாளியின் கூலி மூழ்கிப்போவதையே அவர் சான்றாக்குகிறார். ஒரு வாரக் கூலிக்கும் ஒரு மாதக் கூலிக்கும் பொருந்தும் இவ்வுண்மை, பத்தாண்டும் இருபதாண்டும் நிர்வாகத்திடம் தங்கிக்கிடக்கும் பணிக்கொடைக்கு எத்தனை மடங்கு பொருந்தும்! அத்தனை ஆண்டுகளும் அக்கடனுக்கு வட்டியும் இல்லை.

முதலாளிகளின் சொந்தக் கணக்கேடே இதற்குச் சாட்சி. இன்று தனியார் நிறுவனங்கள் பணி நியமன ஆணையில் ‘சி.டி.சி.’ என்னும் மொத்தத் தொகையைக் காட்டுகின்றன. அதற்குள் அடிப்படை ஊதியத்தில் 4.81 விழுக்காடு பணிக்கொடைக்கென ஒரு வரியாக இருக்கும். இருபத்தாறு நாளில் பதினைந்து நாள் ஊதியத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகுத்தால் கிடைக்கும் விகிதம் அது. ஆள் எடுக்கும்போது அதைச் சம்பளம் என்று காட்டுகிறார்கள். அவர் நான்காம் ஆண்டில் விலகினால், தகுதியில்லை என்று கூறி அதே தொகையைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். வரும்போது கூலி, போகும்போது கொடை! இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

ஒரே தொழிலாளி, பல கணக்குகள்

இனி எண்களுக்கு வருவோம். ஒரு தொழிலாளியின் மாத மொத்த ஊதியம் 30,000 ரூபாய்; அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000; பணிக்காலம் 8 ஆண்டு 7 மாதம் எனக் கொள்வோம். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும். ஆகவே ஒன்பது ஆண்டு. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். அவருக்குரியது 62,308 ரூபாய்.

வாரவிடுமுறை போக மாதத்துக்கு வேலை நாள் இருபத்தாறே என்பதால் வகுக்கும் எண் 26. இதற்காகவும் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கிலும், பின்னர் 1984-இல் ஜீவன்லால் வழக்கிலும் வென்ற பிறகே 1987 திருத்தத்தில் அவ்வெண் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அதை மறந்து முப்பதால் வகுத்தால் தொகை 54,000 ஆகிவிடும். ஏழு மாதத்தையும் விட்டுவிட்டால் 48,000. ஒரு வகுத்தலிலும் ஒரு முழுமையாக்கலிலும் 14,308 ரூபாய் காணாமற்போகிறது. இதைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் வேண்டியதில்லை. பள்ளிக் கணக்குப் போதும். ஆனால் கணக்குத்தாளையே தொழிலாளியிடம் காட்டாதவரை பள்ளிக் கணக்கும் பயன்படாது.

அடிப்படையைச் சுருக்குவது இதைவிடப் பெரிய திருட்டு. வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சிறப்புப்படி என்று ஊதியத்தைத் துண்டாடி, அடிப்படை ஊதியத்தைச் சிறிதாக்கினால் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்தே சிறுக்கும். விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது என்று புதிய தொகுப்பு கூறுகிறது. நம் எடுத்துக்காட்டில் கணக்கிடும் ஊதியம் 15,000 ஆகும். ஒன்பது ஆண்டுக்கு 77,885 ரூபாய். இது முன்னேற்றமே, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் உழைத்தது முழு 30,000 ரூபாய்க்கு. அதன்மேல் கணக்கிட்டால் 1,55,769 ரூபாய் வரும். மறுபாதியைக் கழிப்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்தச் சிறு ஏற்றத்தைக்கூட முதலாளிகள் தம் பையிலிருந்து தர விரும்பவில்லை. ‘சி.டி.சி.’ மாறாது, ஆகவே மாதந்தோறும் கையில் வாங்கும் சம்பளம் குறையும் என்கிறார்கள். தொழிலாளியின் ஒரு பையிலிருந்து எடுத்து அவருடைய மறுபையில் போடுவதையே நலத்திட்டம் என்று விற்கிறார்கள்.

மூன்றாவது கண்ணி, பணித்தொடர்ச்சி. அதே ஆலை, அதே எந்திரம், அதே தொழிலாளி. மூன்றாண்டுக்கொரு முறை ஒப்பந்தக்காரரின் பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. ஒன்பதாண்டு உழைத்தும் எவரிடத்தும் ஐந்தாண்டு முடிக்காதவர் ஆகிவிடுகிறார். 62,308 அல்ல, 48,000-உம் அல்ல; சுழியம். நிரந்தரத் தொழிலாளியும் தப்புவதில்லை. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணிபுரிந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் கூறியது. ஆயினும் ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஆள்குறைப்பு ஆணைகள் வருவது ஏன் என்பதைத் தொழிற்சங்கத்தில் பணியாற்றும் எந்தத் தோழரும் அறிவார்.

நான்காவது கண்ணி, கையெழுத்து. ‘ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மெண்ட்’ என்று தலைப்பிட்ட தாளில், இனி எனக்கு எவ்வித உரிமைக் கோரிக்கையும் இல்லை என்னும் வரிக்குக் கீழே ஒப்பமிட்டால்தான் விடுவிப்பு ஆணையும் அனுபவச் சான்றிதழும் கிடைக்கும் என்கிறார்கள். அடுத்த வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். அடுத்த மாத வாடகைக்குப் பணம் வேண்டும். அந்த நெருக்கடியில் பெறும் கையெழுத்து அது. ஆனால் சட்டம் தரும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டமும் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கூறின; புதிய ஊதியத் தொகுப்பும் கூறுகிறது. கையெழுத்திட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தொழிலாளி நம்புவதே நிர்வாகத்தின் மெய்யான ஆதாயம்.

ஐந்தாவது கண்ணி போராளிகளுக்கென்றே வைத்தது. கலகம், ஒழுங்கீனம் அல்லது வன்முறைக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரின் பணிக்கொடையை முழுமையாகவே பறிக்கலாம் என்னும் விதி 1972 முதலே இருக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றம் என்னும் காரணத்தால் பறிப்பதற்குக் குற்றவியல் நீதிமன்றத்தின் தண்டனை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் கூறிவிட்டது. நிர்வாகத்தின் உள்விசாரணையே போதுமானதாகிவிட்டால், வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவரின் இருபதாண்டுக் கூலி யார் கையில் இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு கையால் தந்து மறு கையால்

இப்போது ஓராண்டுப் பணிக்கொடைக்கு வருவோம். முதலில் ஒரு மயக்கம் நீங்க வேண்டும். இச்சலுகை குறித்தகாலப் பணியாளருக்கு மட்டுமே உரியது. நிரந்தரத் தொழிலாளிக்கு, இறப்பும் உடல் ஊனமும் நேர்ந்தாலன்றி, ஐந்தாண்டு விதி அப்படியே தொடர்கிறது. செய்தித் தலைப்பை மட்டும் படித்து இரண்டாண்டில் வேலையை விட்டவர் வெறுங்கையோடு நிற்பார்.

குறித்தகாலப் பணியாளருக்குத் தந்தது என்ன, எடுத்தது என்ன? 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியமும், ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகவும் உண்டு. இது பணிக்கொடைக்கு மேற்பட்ட, தனியான உரிமை. ஒப்பந்தக் காலம் முடிவது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984 திருத்தத்தில் ஒரு சன்னலைத் திறந்தார்கள். தொழில் உறவுகள் தொகுப்பு அச்சன்னலையே தலைவாசலாக்கியிருக்கிறது: எந்தத் தொழிலிலும், எந்த வேலைக்கும் குறித்தகால நியமனம் செய்யலாம், காலம் முடிந்தால் இழப்பீடும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் பணிக்கொடையை நீட்டிய கை, ஆண்டுக்குப் பதினைந்து நாள் இழப்பீட்டையும் ஒரு மாத முன்னறிவிப்பையும் எடுத்துக்கொண்டது. வேலை நிரந்தரம் என்னும் உரிமையையும் சேர்த்துக் கணக்கிட்டால், யாருக்கு இலாபம்? அரசு அனுமதியின்றி ஆட்குறைப்பும் ஆலைமூடலும் செய்ய முடியாத நிறுவனங்களின் ஆள் எண்ணிக்கை வரம்பும் நூறிலிருந்து முந்நூறாக உயர்த்தப்பட்டுவிட்டது.

இரண்டு நாள் வாக்குறுதியும் இதைப் போன்றதே. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தில், முதலாளி வேலையிலிருந்து நீக்கினால் இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் ஊதியம் தர வேண்டும் என்று இருந்தது. தாமாக விலகியவரையும் இப்போது சேர்த்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் இரண்டு நாளில் வரவேண்டியது நிலுவை ஊதியம் மட்டுமே. பணிக்கொடைக்கு முப்பது நாள். வருங்கால வைப்பு நிதி வேறு கணக்கு. இரண்டு மாதம் வேலையின்றி இருந்தால் முழுத்தொகையையும் எடுக்கலாம் என்றிருந்ததை, பன்னிரண்டு மாதமாக நீட்டிக்க 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. முக்கால் பங்கை முன்னதாக எடுக்கலாம், கால் பங்கு காத்திருக்க வேண்டும். முதலாளிக்கு இரண்டு நாள் கெடு விதித்ததாகப் பெருமை பேசும் அதே அரசு, தொழிலாளியின் சொந்தச் சேமிப்புக்கு ஓராண்டுக் கெடு விதிக்கிறது.

கெடுவை மீறினால் என்ன நேரும் என்பதில்தான் சட்டத்தின் உள்ளம் வெளிப்படும். பணிக்கொடையைத் தராத முதலாளிக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று பழைய சட்டம் பொதுவிதியாகக் கூறியது. ஓராண்டு வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது புதிய தொகுப்பு. நூறு பேரின் பணிக்கொடையைப் பிடித்துவைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஒரு செலவினம் மட்டுமே. ஆய்வாளரும் இனி ஆய்வாளர் மட்டுமல்லர். முதலாளிக்கு ஆலோசனை கூறும் உதவியாளருமாவார். இரண்டு நாள் கெடு இருக்கும். கெடுவைக் கேட்க ஆள் இருக்காது.

முதலாளி மூழ்கும்போது

மார்க்ஸ் சுட்டிய திவால் நிலைக்கு இந்தியச் சட்டம் கூறும் விடையையும் பார்த்துவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின்படி, நிறுவனம் கலைக்கப்படும்போது தொழிலாளரின் முந்தைய 24 மாத நிலுவை, அடமானம் பெற்ற வங்கிகளின் கடனோடு சமநிலையில் வரும். தொழிலாளர் என்னும் வரையறைக்குள் வராத ஊழியருக்கு 12 மாத ஊதியம், அதற்கும் அடுத்த படியில். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடை நிதியும் கலைப்புச் சொத்தில் சேரா என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் நிர்வாகம் பணிக்கொடைக்கென நிதியே ஒதுக்காதிருந்தால் எதைப் பிரித்து வைப்பது?

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. ஊழியரின் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கொடுத்தாக வேண்டும் என்னும் தீர்ப்பாய ஆணையைப் பெற 2022 அக்டோபர் ஆயிற்று. 2023 ஜனவரியில் அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2024 நவம்பரில் நிறுவனத்தையே கலைக்க ஆணையிட்டது. ஒரு விமான நிறுவனத்தின் படித்த, சங்கமாகத் திரண்ட ஊழியர்க்கே இந்நிலை என்றால், ஒரே இரவில் எந்திரங்களை லாரியில் ஏற்றிச் சென்றுவிடும் சிறு ஆலையின் தொழிலாளிக்கு எந்நிலை? முதலாளிகள் பணிக்கொடைக்குக் கட்டாயக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 1987-இலேயே சட்டத்தில் பிரிவு சேர்த்தார்கள். அதற்கான விதிகளை அறிவித்த மாநிலங்கள் மிகச் சில. கர்நாடகமே 2024-இல்தான் அறிவித்தது.

கணக்கிடுவதும் அரசியலே

இவையெல்லாம் வழக்குரைஞர் வேலை. இதில் மூழ்கினால் பொருளாதாரவாதத்தில் வழுக்கி விழுவோம் என்று கருதும் தோழர்கள் உள்ளனர். பொருளாதாரவாதத்தை லெனினைவிடக் கடுமையாகச் சாடியவர் இல்லை. அந்த லெனின்தான் 1895-இல், ஆலைத் தொழிலாளர்மீது விதிக்கப்பட்ட அபராதங்கள் பற்றிய சட்டத்தை, எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம், பிடித்த பணம் எங்கே போக வேண்டும் என்று விதி விதியாக விளக்கித் தொழிலாளருக்கென ஒரு நூல் எழுதினார். ஒரு ரூபிள் அபராதத்தின் வழியே ஆட்சியின் வர்க்கத்தன்மையைக் காட்ட முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். கோரிக்கையோடு நின்றுவிடுவதே பொருளாதாரவாதம். கோரிக்கையிலிருந்து தொடங்குவது அன்று.

எனவே செய்ய வேண்டியவை சில. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் உறுப்பினரின் பணியில் சேர்ந்த நாள், ஒப்பந்தக்காரர் மாறிய நாள்கள், ஊதியச் சீட்டுகளின் படிகள் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு வேண்டும். தொடர்ச்சியை நிறுவ நாளை அதுவே சான்று. வேலையை விட்டு நீங்கும் எவரும் நிர்வாகத்தின் தாளில் ஒப்பமிடும் முன் சங்கத்தின் தாளில் கணக்கிட வேண்டும்: நிலுவை ஊதியம், பயன்படுத்தாத விடுப்புக்கான ஊதியம், முன்னறிவிப்பு ஊதியம், ஆட்குறைப்பு இழப்பீடு, பணிக்கொடை, வைப்பு நிதி. அவ்வாண்டில் முப்பது நாள் பணிபுரிந்திருந்து ஊதிய வரம்புக்கும் உட்பட்டிருந்தால், இடையில் விலகினாலும் 8.33 விழுக்காட்டுக்குக் குறையாத போனஸ் உண்டு; இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஒப்பமிட்டே ஆக வேண்டிய நெருக்கடியில், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன் என்று கைப்பட எழுதி ஒப்பமிடச் சொல்ல வேண்டும். முப்பது நாள் கடந்தால் வட்டி கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஓடிவிட்டால் ஊதியத்துக்கு முதன்மை முதலாளி பொறுப்பு என்பதை நினைவூட்ட வேண்டும்.

அங்கன்வாடி ஊழியர்களையும் உதவியாளர்களையும் அரசு ‘தொண்டர்’ என்றது. அவர்கள் பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியம் என்றது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு எனத் தீர்ப்பளித்தது. பல்லாண்டு வீதியில் நின்று, தாங்கள் தொழிலாளர்கள் என்று உரத்துக் கூறியவர்களின் வெற்றி அது. அதை நடைமுறைப்படுத்தவும் அவர்கள் இன்னும் போராட வேண்டியுள்ளது. தனியார் பள்ளி ஆசிரியர்கள் 2004-இல் நீதிமன்றத்தில் இழந்ததை 2009 திருத்தத்தின் வழியே பெற்று, 2022-இல் அத்திருத்தத்தையும் காத்துக்கொண்டனர். தொழிலாளரின் வரிசை இவ்வாறு விரிகிறது. ஐந்தாண்டு விதி ஒழிய வேண்டும். முழு ஊதியத்தின்மேல் கணக்கிட வேண்டும். இருபது இலட்ச ரூபாய் உச்சவரம்பு நீங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பணிக்காலம் ஆலையின் கணக்கில் தொடர வேண்டும். திவாலில் தொழிலாளியின் கடனே முதற்கடனாக வேண்டும். இவை ஆலை ஆலையாகக் கேட்டுப் பெறக்கூடியவை அல்ல. சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெறவைக்கும் போராட்டத்தின் பகுதிகள். அப்போராட்டத்துக்குத் தொழிலாளியை அழைக்கச் செல்லும் தோழர், அவருடைய ஊதியச் சீட்டை வாங்கி, அவருக்கு வரவேண்டியது எவ்வளவு என்று அவர் கண்முன்னே கணக்கிட்டுக் காட்டட்டும். நிர்வாகம் தன்னிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை எண்ணால் அறிந்த தொழிலாளி, அடுத்த முறை அதைக் கொடை என்று நம்பமாட்டார்.